எவன் கை இது?

வினோ கண்ணு,

பெட்டில மேலாக்க இருக்கற துண்ட எடுத்தின்னா இந்தக் காயிதம் கெடைக்கும். ரயில் ஏறி ஜன்னலோரம் ஒக்காந்தப்பறம் படி. இப்பவே படிச்சிட்டு வந்து என்னக் கட்டிப் புடிச்சி அழுவாத, எனக்கு மாவு அரைக்கற வேல இருக்குது. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்ப. போன்ல என்ன எங்க பேச வுட்ற நீ? "சரிம்மா, சரிம்மா, வெச்சிடட்டா"ன்னு முடிச்சிட்ற. காயிதம்னா நீ குறுக்க பேச முடியாது பாரு, அதான் எழுதறேன். பத்தாவது வரைக்கும் படிச்சவ எழுத்து இது, பேசற மாரியேதான் வரும். தப்பு இருந்தா பெங்களூர் போயி சாவகாசமா திருத்திக்க. ஆனா ஒண்ணு சொல்றேன், இத்த எழுதும்போது எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா? சிப்காட்டு கேட்டாண்ட நாஷ்டா கட போட்டுக்கினு இருக்கறவளோட பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கிப் போறா! நேத்து இட்லி வாங்க வந்தவன்கிட்ட எல்லாம் சொன்னேன். ஒருத்தன் "இத்தோட மூணாந்தரம் சொல்றக்கா"ன்னான். நாலாந்தரமும் கேட்டுக்கடான்னு சொல்லிட்டு சட்னி ஊத்தினேன்.

நீ ப்ளஸ் டூ படிச்ச வருசத்துல நடந்தத நம்ப ஊட்ல யாருமே வாய்வுட்டுப் பேசறதில்ல. உங்கப்பா பேசமாட்டாரு. நீயும் பேசல. ஏதோ நடக்கக் கூடாதது நடந்தாப்புல மூடியே வெச்சிருக்கோம். எனக்கு அது புடிக்கல வினோ. தோத்தவங்கதான் மூடி வெக்கணும். நாம ஜெயிச்சோம். நல்லா ஜெயிச்சோம். அதனால ஆரம்பத்துலேந்து ஒரு தடவ எழுதிடறேன். உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா நான் சொல்லிக் கேட்டதில்ல இல்ல?

நீ பதினொண்ணாவது சேந்தப்பதான் பஜார்ல பர்வீனோட அண்ணன் பிரவுசிங் சென்டர் தொறந்தாரு. பழவேற்காட்டுக்காரங்க, எறா ஏவாரம் பண்ற குடும்பம், ஊர்ல எல்லாருக்கும் அவரு பாய். பர்வீன் உன் கிளாசு. "பாய் கடைக்குத்தாம்மா, பர்வீனும் கூட இருப்பா"ன்னு சொல்லிட்டு, சனிக்கெழம ஸ்பெசல் கிளாசு வுட்டா போதும், கும்பலா அங்க பூந்துடுவீங்க. பாடத்துக்கு ஏதோ பாக்கறீங்கன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். அப்பாலதான் அந்த ஃப்ரெண்டு சைட்டு சமாச்சாரம் வெளிய வந்துச்சி. அது பேரு இன்னிக்கி வரைக்கும் எனக்கு வாய்ல நொழையல. வந்த வேகத்துல உங்க ஸ்கூலயே மாத்திப் போட்டுடுச்சி அது. எண்ண வெச்சி ரெட்ட ஜட போட்டுக்கினு போன பொண்ணுங்க எல்லாம் நெத்தில முடிய வெட்டி வுட்டுக்கினு வந்துதுங்க. பசங்க இருக்கானுங்களே, மெக்கானிக் ஷெட்ல ரிப்பேருக்கு வந்த எவன் வண்டி மேலயோ சாஞ்சிக்கினு, ஒரே கூலிங் கிளாச மாத்தி மாத்திப் போட்டுக்கினு போட்டோ எடுத்து, தன் வண்டின்னு போட்டுப்பானுங்களாம். சோத்துக்கு ஊறுகா இல்லன்னா கூட சும்மா இருப்பான், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு தன்ன வுட நாலு ஃப்ரெண்டு ஜாஸ்தின்னா அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

நீ மட்டும் இன்னா? "எனக்கு எத்தினி ஃப்ரெண்டு தெரியுமாம்மா?"ன்னு ஒரு நாளு பெருமையா வந்து நின்ன. கேஸ் தீந்து போச்சி, இதுல எத்தினி பேரு சிலிண்டர் தூக்கினு வருவாங்கன்னு கேட்டேன். ரெண்டு நாளு எங்கூட பேசல நீ. உங்க கிளாசுல மொத ரேங்கு எடுக்கற பொண்ணு, அதப் பத்தி யாரும் அந்த சைட்டுல நாலு நல்ல வார்த்த எழுதலன்னு பாத்ரூம்ல போயி அழுதுச்சின்னு நீதான் சொன்ன. மார்க்குல எல்லாரையும் தூக்கிப் போட்ட பொண்ணு அது. அந்த வார்த்தைக்கி ஏங்கி அழுதுச்சி பாரு, அப்பதான் எனக்கு இது வெளையாட்டு இல்லன்னு தோணுச்சி. கெமிஸ்ட்ரில உன் மார்க்கும் சறுக்கிச்சி. நான் நேரா பாய் கடைக்கிப் போயி, "பொண்ணுங்கள கெடுக்கறதுக்குன்னே கட தொறந்து வெச்சிருக்கியா?"ன்னு தெருவே கேக்கற மாரி கத்தினேன். அந்தாளு கோவப்படல. "யக்கா, உள்ள வந்து ஒக்காந்து பாத்துட்டு அப்பால திட்டு"ன்னு சேர இழுத்துப் போட்டாரு.

பாத்தேன். அங்கியே இருந்த நீ, அந்த சைட்டுல உன் பக்கத்த தொறந்து காட்டின. மலேசியால இருக்கற ஒரு தமிழ்ப் பொண்ணுக்கு நீ இங்கிலீசுல எழுதி, அது உனக்குத் திருப்பி எழுதி, பக்கம் பக்கமா இருந்துச்சி. எனக்குப் புரியல, ஆனா கடைல ஒரு நாளு கம்பெனி வடநாட்டு இன்ஜினியர் ஏதோ கேட்டு நான் முழிச்சிக்கினு நிக்க, நீ தட்டு கழுவிக்கினே அந்தாளுக்கு படபடன்னு பதில் சொன்னியே, அந்த இங்கிலீசு உன் ஸ்கூலு சொல்லிக் குடுத்தது இல்லன்னு அப்ப புரிஞ்சிது. போட்டோ இருக்கற எடத்துல உன் மூஞ்சி இல்ல, ஒரு ரோஜாப்பூ இருந்துச்சி. ஏன்டின்னு கேட்டேன். "மூஞ்சி போட்டா வம்பும்மா, நாங்க யாருமே போடல"ன்ன. சரி, நம்ப பொண்ணுக்கு புத்தி இருக்குதுன்னு நிம்மதியா வந்துட்டேன். வாரத்துக்கு ஒரு நாளு, பர்வீன் இருந்தா மட்டும், கெமிஸ்ட்ரி மார்க்கு ஏறணும்னு சொல்லி வுட்டேன். உன் மார்க்கும் ஏறுச்சி.

இப்ப பேனர் கதைக்கி வரணும். நீ ஒம்போதாவது படிக்கும்போது பெரிய மனுசி ஆன. எந்தம்பி பாபு இருக்கானே, கம்பெனிகளுக்கு தண்ணி லாரி ஓட்டி அப்பதான் நாலு காசு பாத்திருந்தான். தாய்மாமன் சீரு ஊரே பேசணும்னு ஒத்தக் கால்ல நின்னான். ஆடிக்கினு பாடிக்கினு தட்டு வரிச கொண்டாந்ததோட வுட்டானா? பஸ் ஸ்டாண்டு மொனைல ஆளு ஒசரத்துக்கு மூணு மடங்கா ஒரு ஃப்ளெக்ஸ் பேனரு! அதுல எங்கருந்து போட்டோ வரும்? சடங்கு நடக்கறதுக்கு மின்னாடியே பேனரு அடிக்கணும். நீ சுடிதார் போட்டுக்கினு திருவள்ளூர் ஸ்டுடியோல தனியா எடுத்த போட்டோ ஒண்ணு ஊட்ல இருந்துச்சி, அத்த எடுத்துக்கினு போயி பெருசாக்கி நடுவுல போட்டான். பக்கத்துல வெள்ள சட்ட, கூலிங் கிளாசு, கைய கூப்பிக்கினு இவன். மேல ரெண்டு புலி படம் வேற. உன்ன யாரு கேட்டது? ஒருத்தரும் கேக்கல. நீ அத்தப் பாத்துட்டு "மாமா, அசிங்கமா இருக்குது, எடுத்துடு மாமா"ன்ன. "உனுக்கு ஒண்ணியும் தெரியாது, மாமன் கௌரவம் இது"ன்னு சிரிச்சான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சி, பொய் சொல்லமாட்டேன். சடங்கு முடிஞ்சி மழக்காலம் வர வரைக்கும் அது அங்கியே நின்னுச்சி. பஸ்ஸுக்கு நிக்கறவன், டீ குடிக்கறவன், போறவன் வரவன் எல்லாம் உன் மூஞ்சியப் பாத்துக்கினேதான் போனான். அப்பால அவுத்துக்கினு வந்து நம்ப கொல்லைல வெறகு மேல மூடினோம். ஊருக்கு ஊரு அதான பண்றாங்க, ஃப்ளெக்ஸ் மாரி மழைக்கித் தாங்கறது எது? வெள்ளப் பக்கம் மேல, படம் கீழ.

நீ பன்னெண்டாவதுல அரையாண்டுப் பரீட்ச எழுதிக்கினு இருந்தப்ப, அந்த சைட்டுல உன் பேர்ல, உன் ஸ்கூல் பேர்ல, உன் மூஞ்சியோட எவனோ ஒரு பொய்ப் பக்கம் தொறந்தான். "எனக்கு பாய் ஃப்ரெண்டு வேணும்"னு நீயே எழுதின மாரி எழுதி வெச்சிருந்தான், கட்டைல போறவன். மொதல்ல பாத்தது பர்வீன். நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கினு வாயத் தொறக்கல. பஸ் ஸ்டாண்டுல பசங்க உன் பேரச் சொல்லி கத்த ஆரம்பிச்சானுங்க. நீ சாப்புடல, கேட்டா வயித்து வலின்ன. அதுக்குள்ள எவனோ அந்தப் பக்கத்த பிரிண்டு எடுத்து பாபு கைல குடுத்துட்டான். குடுத்தவன் சும்மா குடுத்தானா? "உன் அக்கா பொண்ணு எவன் கூடயோ நின்னு போட்டோ எடுத்துக்கினு இருக்குது பாரு"ன்னு சொல்லிக் குடுத்திருக்கான். ஏன்னா அந்தப் படத்துல உன் தோளாண்ட, ஓரத்துல, ஒரு ஆம்பள கை தெரிஞ்சிது. ஆளு இல்ல. வெறும் வெரலுங்க.

அன்னிக்கி சாயங்காலம் நம்ப ஊடு இருந்த இருப்ப நெனச்சா இப்பவும் எனக்கு ரத்தம் கொதிக்குது. பாபு வந்தான், உங்க பெரியப்பா திருவள்ளூர்லேந்து வந்தாரு, பெரியம்மா வந்தாங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க கூப்புடாமயே வந்தாங்க. உங்கப்பா நைட் ஷிஃப்டுக்கு கெளம்பிக்கினு இருந்த மனுசன், ரோலிங் மில்லு யூனிஃபார்மோட செவுத்தாண்ட நின்னாரு. பாபு ஏற்கெனவே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தான். நாளைலேந்து ஸ்கூலு கெடையாது. பொதட்டூர்பேட்டைல தறி வெச்சிருக்கற ஊட்ல ஒரு பையன், ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்காங்க, விசயம் அங்க எட்டறதுக்கு மின்னாடி தை பொறந்ததும் தாலி. "பதினெட்டு கூட ஆவலடா அதுக்கு, மார்ச்சுல பரீட்சடா!"ன்னேன். "மானம் போனப்பறம் பரீட்ச எழுதி இன்னாக்கா பண்ணப் போறா?"ன்னான். பெரியம்மா "ஊர் வாய மூட ஒலமூடி ஏது?"ன்னு ஆரம்பிச்சாங்க. ஒலமூடி இல்லாட்டி போவுது, எங்கிட்ட இட்லி குண்டான் மூடி இருக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சி, மூத்தவங்கன்னு முழுங்கிட்டேன்.

நீ மூலைல ஒக்காந்துக்கினு ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினு இருந்த. "அது ஸ்டுடியோ போட்டோம்மா. நான் தனியாத்தாம்மா எடுத்தேன். சத்தியமா அந்தக் கை யார்துன்னு எனக்குத் தெரியாதும்மா." எனக்கு உன் மேல நம்பிக்க இருந்துச்சி கண்ணு, ஆனா அந்தக் கையும் காயிதத்துல இருந்துச்சே! நான் இன்னா சொல்லி வாதாடுவேன்? பாபு அந்தப் பிரிண்ட உன் மூஞ்சிக்கி நேரா ஆட்டி ஆட்டி, "எவன் கை இது? சொல்லு! எவன் கை இது?"ன்னு கத்தறான். பெரியப்பா கேக்கறாரு, பெரியம்மா கேக்கறாங்க. நீ அழுதுக்கினே அந்தக் காயிதத்தப் பாத்துக்கினு இருந்த. அப்பறம் திடீர்னு அழுகைய நிறுத்தின. காயிதத்தப் பாக்கற, அத்தப் புடிச்சிக்கினு இருக்கற மாமன் கையப் பாக்கற, மறுபடி காயிதத்தப் பாக்கற. எழுந்து கொல்லப் பக்கம் போயிட்ட. "பாத்தியா, பதில் இல்ல, ஓடறா!"ன்னான் பாபு. நான் பதறிட்டேன். எங்க போயி எதுல வுழுவுதோன்னு பின்னாலயே ஓடி வந்தேன்.

வந்து பாத்தா நீ வெறகு மேல இருந்த கல்ல எல்லாம் தூக்கி எறிஞ்சிக்கினு இருக்க! ஃப்ளெக்ஸ ரெண்டு கைல வாரிப் புடிச்சி, தர தரன்னு இழுத்துக்கினு ஊட்டுக்குள்ள வந்த. சருகு, சிலந்திக் கூடு, பல்லி முட்ட, எல்லாம் நடு ஊட்ல கொட்டுது. பெரியம்மா "அய்யய்யே"ன்னு கால மேல தூக்கிக்கினாங்க. நீ அத்த அப்படியே திருப்பிப் போட்ட. சாயம் கொஞ்சம் வெளுத்திருந்துச்சி, அவ்ளோதான். சுடிதார் போட்டுக்கினு சிரிக்கற எம் பொண்ணு. பக்கத்துல கைய கூப்பிக்கினு கூலிங் கிளாசோட எந்தம்பி. அவன் வெரலு உன் தோளாண்ட. அந்த வெரல்ல பட்டையா ராசிக்கல்லு மோதரம். நீ அந்தப் பிரிண்ட அவன் கைலேந்து புடுங்கி, ஃப்ளெக்ஸ்ல உன் தோளாண்ட வெச்ச. அதே சுடிதாரு, அதே சிரிப்பு, அதே வெரலு, அதே மோதரம். எவனோ அப்பவே பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு கேமரா போன்ல பேனர புடிச்சி வெச்சிருக்கான், உன் மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்திருக்கான், மாமன் வெரலு ஓரத்துல ஒட்டிக்கினு வந்துடுச்சி!

"எவன் கைன்னு கேட்டியே மாமா, உன் கைதான்"ன்ன. கத்தல நீ. சாதாரணமாச் சொன்ன. பாபு மோதரக் கைய இடுப்புக்குப் பின்னால ஒளிக்கறான், அத்த எல்லாரும் பாத்துட்டாங்க. கைப்புண்ணப் பாக்க கண்ணாடி வேணுமா? பக்கத்து ஊட்டுக்காரம்மா மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் பெரியப்பாவே சிரிச்சிட்டாரு. நீ சிரிக்கல. "நான் என் மூஞ்சிய ஒரு எடத்துலயும் போடல மாமா. ரோஜாப்பூதான் வெச்சிருந்தேன். என்னக் கேக்காம ஊர் மொனைல போட்டது நீ. எடுத்துடுன்னு சொன்னேன், எடுக்கல. அப்ப அது கௌரவம். இப்ப எவனோ அதையே எடுத்துப் போட்டா, நான் ஸ்கூல வுட்டு நிக்கணுமா?"ன்ன. என் வயித்துல பொறந்த பொண்ணு, தாய்மாமன நேருக்கு நேரா பாத்து கேக்குது! பாபு தலையத் தொங்கப் போட்டுக்கினு, "ஆசையா வெச்சேன்க்கா, வேற ஒண்ணியும் இல்லக்கா"ன்னான். ஆசதான். அவன் உன்மேல வெச்ச ஆசைல நான் இன்னிக்கும் கொற சொல்லமாட்டேன். செவுத்தாண்ட நின்னுக்கினு இருந்த உங்கப்பா அப்பதான் மொத மொதல்ல வாயத் தொறந்தாரு. "பாபு, பொதட்டூர்பேட்டைக்கி போன் போட்டு இல்லன்னு சொல்லிடு. பொண்ணு பரீட்ச எழுதும்"னாரு. சாப்பாட்டு டிபன எடுத்துக்கினு ஷிஃப்டுக்கு போயிட்டாரு.

அந்த சனிக்கெழம பாய் கடைல நடந்தத நான் நேர்ல பாத்தேன், அதனால சொல்றேன். வாசல்ல பாய் ஒரு அட்டைல "இன்னிக்கி லேடீஸ் மட்டும்"னு எழுதி மாட்டிட்டாரு. பர்வீன்தான் கிளாசுல எல்லாருக்கும் சொல்லிக் கூட்டிக்கினு வந்திருந்துச்சி. உங்கூட பேசாத பொண்ணுங்க கூட வந்துதுங்க. மொத ரேங்குப் பொண்ணு எல்லாருக்கும் மின்னாடி வந்து ஒக்காந்திருந்துச்சி. ஒவ்வொருத்தியா அவங்கவங்க பக்கத்துக்குள்ள போயி, இந்தப் பக்கம் பொய், இது எங்க ஃப்ரெண்டு இல்லன்னு அந்த சைட்டுக்காரனுக்கு கம்ப்ளெயின்டு அழுத்துதுங்க. ஒருத்தி எழுந்தா அடுத்தவ ஒக்கார்றா. நெத்தில முடிய வெட்டி வுட்டுக்கினு திரியுதுங்கன்னு நான் கரிச்சிக் கொட்டின அதே பொண்ணுங்க! எனக்கு ஒண்ணொண்ணையும் கட்டிக்கலாம் போல இருந்துச்சி. வெளிய யாரு காவலுக்கு நின்னது தெரியுமா? உங்க மாமன். எந்தப் பையனும் உள்ள எட்டிப் பாக்காதபடி கால அகட்டிக்கினு நின்னான், மோதரத்த கழட்டி வெச்சிட்டு வந்திருந்தான். நடுவுல போயி எல்லாருக்கும் சமோசா வேற வாங்கிக்கினு வந்தான். அடுத்த வாரத்துக்குள்ள அந்தப் பக்கம் காணாமப் போச்சி. பர்வீன் நம்ப நாஷ்டா கடைக்கி ஓடியாந்து "ஆண்ட்டி, பூடுச்சி!"ன்னு கத்துச்சி, நான் அன்னிக்கி அதுக்கு பூரி போட்டுக் குடுத்தேன்.

அத்தப் பண்ணவன் யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. ஒருவேள என் கைல இட்லி வாங்கித் தின்னவனாவே இருக்கலாம். அந்தப் பேஜாரு இனிமே உன் வாழ்க்கைல வராதுன்னு நான் சொல்லமாட்டேன் வினோ. பெங்களூர்ல இத்த வுட பெரிய கம்ப்யூட்டர், பெரிய கூட்டம். நாலு பேரு உன்ன நல்லா இருக்குதுன்னு சொன்னா சந்தோசப்படு, சொல்லாட்டி சோறு எறங்காம ஒக்காந்துக்காத. அந்தக் கூட்டத்துல சனிக்கெழம வந்து ஒக்கார்றவ யாருன்னு பாத்து வெச்சிக்க. பர்வீன வுட்றாத, அதுக்கு மாசத்துக்கு ஒரு தடவயாவது போன் பண்ணு. நாளைக்கி உனக்கு ஒரு கொழந்த பொறந்து அது அழகா சிரிச்சாலும், அது மூஞ்சிய ஊருக்குக் காட்றதுக்கு மின்னாடி அதுக்கு வெவரம் தெரியற வரைக்கும் பொறுத்துக்க. மாமன் மேல கோவம் வெச்சிக்காத. அவன் பொண்ணு இப்ப எட்டாவது போவுது. போன வாரம் வந்து, "யக்கா, வினோ போறதுக்கு மின்னாடி இதுக்கு கொஞ்சம் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்துட்டுப் போவுமா?"ன்னு தலையச் சொறிஞ்சிக்கினு கேட்டான். நான் வேணும்னே கொஞ்ச நேரம் யோசிக்கற மாரி நின்னுட்டு அப்பறந்தான் சரின்னேன்.

ஒண்ணு பாக்கி இருக்குது. இது எனக்குத் தெரியாதுன்னு நீயும் உங்கப்பாவும் நெனச்சிக்கினு இருக்கீங்க. அங்க நின்னு பாத்த பாய் அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு.

மாமன் மோதரத்தால மாட்டிக்கினதுக்கு மறுநாள் காலைல, அந்தப் பக்கம் இன்னும் அழியல. உங்க பெரியம்மா கெளம்பறதுக்கு மின்னாடி உன்னக் கூப்புட்டு, "கொஞ்ச நாளைக்கி துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கினு, ரயில்வே லைன் ஓரமா ஸ்கூலுக்குப் போயிட்டு வாம்மா, பஜார் பக்கம் போவாத, ஊரு மறக்கட்டும்"னாங்க. நீயும் சரின்னு துப்பட்டாவ எடுத்த. உங்கப்பா நைட் ஷிஃப்டு முடிச்சி அப்பதான் வந்தாரு, மூஞ்சி கழுவல, சட்டையெல்லாம் மில்லுக் கரி. வண்டிய வுட்டு எறங்காமயே, "ஏறும்மா"ன்னாரு. நீ ஏறின. ரயில்வே லைன் பக்கம் திருப்புவாருன்னு நான் நெனச்சேன். பஜார் பக்கம் திருப்பினாரு.

சரியா அந்த பஸ் ஸ்டாண்டு மொனைல, பசங்க கும்பலா நிக்கற டீக்கடைல வண்டிய நிறுத்திட்டு, ஒரு டீ சொல்லி, அத்த ஆத்தி ஆத்திக் குடிச்சாராமே? நீ பின்னால ஒக்காந்துக்கினு தலையக் குனிஞ்சிருந்தியாம். கும்பல்ல ஒருத்தன் திமிரா, "இன்னா நைனா, அந்த போட்டோல இருக்கற பொண்ணு இதுதானா?"ன்னு கேட்டானாம். பாய் சொன்னாரு, உங்கப்பா கிளாச வெச்சாராம், கோவப்படலியாம், அவன் தோள் மேல கரிக் கைய வெச்சி உன் பக்கம் திருப்பினாராம். "ஆமாம்ப்பா. எம் பொண்ணு. நல்லாப் பாத்துக்க. பன்னெண்டாவது படிக்குது, மார்ச்சுல பரீட்ச எழுதப் போவுது"ன்னாராம். அந்தப் பையன் தல தரைய வுட்டு எழும்பலியாம். அப்ப நீ தல நிமிந்தியாம்.

அப்படியே போயிட்டு வா கண்ணு.

அம்மா